ஜொல்தோஷ் வாங்கிய பிலிம் ஸ்கேனர்

ஜொல்தோஷ் அபிலொவிச் சாரிகுலோவ், 1949–2023.

தொக்மோக் நகரின் வடக்குத் தெருவில் பிறந்தார். அதே தெருவில் மறைந்தார். பாசனக் கால்வாய்த் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் நீர் அளவையாளராக இருந்தார். மதகில் நட்டிருக்கும் அளவுகோலைக் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் பார்த்துக் குறித்துக்கொள்வது அவர் வேலை. 1973-இல் புருல்சாவை மணந்தார். ஒரே மகள், ஜீப்பார். 1974-இல் ஒரு ஸெனித் கேமரா வாங்கினார். 1991 வரை அறுபத்தொரு கறுப்பு வெள்ளைப் பிலிம் சுருள்களை எடுத்து முடித்தார். முதல் சில ஆண்டுகள் குளியலறையை இருட்டாக்கிக்கொண்டு தாமே படங்களை அச்சிட்டார். அவற்றில் பெரும்பகுதி உறவினர் வீடுகளுக்குப் போயிற்று. மீதி, வெந்நீர்க் குழாய் வெடித்த ஒரு குளிர்காலத்தில் ஊறி அழிந்தது. நெகட்டிவ் சுருள்கள் மட்டும் தகர டப்பாக்களில் தப்பின.

இவை அவரை அறிந்த எவரும் சொல்லக்கூடிய செய்திகள். அவர் பொறாமைக்காரர் என்பது, அடுத்த வீட்டில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த எனக்கே அவருடைய எழுபத்திரண்டாம் வயதில்தான் தெரியவந்தது. அதற்குக் காரணம் கசிபெக்.

பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் எங்கள் ஆண்டுக் கணக்கில் கசிபெக்கும் ஜொல்தோஷும் ஒரே மாட்டு ஆண்டில் பிறந்தவர்கள். எங்களிடையே ஒத்த வயதுக்காரரைக் குர்தாஷ் என்போம். குர்தாஷ்கள் ஒருவரையொருவர் எதைச் சொல்லியும் கேலி செய்யலாம். மனைவி, மாமனார், பல் விழுந்த வாய் எதற்கும் விலக்கில்லை. கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொண்டால் குற்றம் அவருடையது. சபையில் அவருக்கு மதிப்பு குறையும். இந்த உரிமையை கசிபெக் நாற்பத்தேழு ஆண்டுகள் ஒரே திசையில் பயன்படுத்தினார். புருல்சாவைக் கல்லூரி நாட்களிலேயே அவர் அறிவார். பிறகு இரண்டு ஆண்டு ராணுவத்துக்குப் போனார்; திரும்பி வந்தபோது அவள் ஜொல்தோஷின் மனைவி.

"புருல்சா கை பட்ட மாவுடா இது," என்று விருந்தில், மாவுப் பட்டைகளும் கறியும் சேர்ந்த பெஷ்பர்மாக் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டே சொல்வார். "நியாயமாப் பாத்தா என் வீட்டு அடுப்புல வெந்திருக்கணும். ரெண்டு வருஷம் நாட்டுக்குக் காவல் நிக்கப் போனேன். இங்க இருந்தவன் வீட்டுக்குள்ள பூந்துட்டான்."

"நீ திரும்பி வரப்போறேன்னு அவகிட்ட சொன்னாங்க. அதான் அவசரமாக் கல்யாணத்துக்குச் சரின்னா," என்பார் ஜொல்தோஷ்.

"மாவு ஆறுது. ரெண்டு பேரும் வாயை அதுக்குத் திறங்க," என்பார் புருல்சா.

எல்லோரும் சிரிப்போம். ஜொல்தோஷும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவருக்கு எத்தனை பாரமாக இருந்தது என்று யாரும் கணக்கிடவில்லை.

புருல்சா 2020 அக்டோபர் 9-ஆம் தேதி இறந்தார். நாற்பதாம் நாள் காரியத்துக்காக ஜீப்பார் சுவரில் மாட்ட ஒரு படம் தேடினாள். வீட்டில் இருந்தவை எல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த முறைப்பான படங்கள். அப்போது கசிபெக் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். 1971-இன் இலையுதிர் காலம். கல்லூரி மாணவர்களைப் பீட்ரூட் அறுவடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மண் ஒட்டிய கையுறையோடு புருல்சா நிற்கிறார். பின்னால் ஒரு லாரி. கேமராவைப் பார்த்து, பல் தெரிய, கண் சுருங்கச் சிரிக்கிறார். படம் எடுத்தவர் கசிபெக். அவருடைய மருமகன் நடத்தும் படக்கடையில் அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

அன்று துக்கம் விசாரிக்க வந்த அறுபது எழுபது பேரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். "என்ன ஒரு முகம்," என்றார்கள். "யார் எடுத்தது?" என்றார்கள். ஜொல்தோஷ் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஏனென்று அப்போது எனக்குப் புரியவில்லை. குளிர்காலம் முழுவதும் அவர் அந்த அறையில் அப்படித்தான் உட்கார்ந்தார்.

ஏப்ரலில் ஜீப்பார் கல்லறைக் கல்லைப் பற்றிப் பேச்செடுத்தாள். ஆண்டு நிறைவு விருந்துக்கு முன் கல் நடப்பட வேண்டும். கறுப்புக் கல்லில் முகத்தைப் பொறிப்பவர் தலைநகர் பிஷ்கெக்கில் இருந்தார். ஆகஸ்டு முதல் தேதிக்குள் படம் தர வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

"கசிபெக் மாமா குடுத்த படத்தையே குடுத்துரலாம்பா. அம்மா அதுல எவ்வளவு நல்லா இருக்காங்க."

"வேண்டாம்."

"ஏன்பா?"

"என்கிட்டயும் படம் இருக்கு."

"எங்க? சுருட்டி வச்ச கறுப்பு நாடாவா? அதுல அம்மா யாரு, மாடு யாருன்னே தெரியலையே."

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. ஜொல்தோஷ் ஒவ்வொரு சுருளாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நெகட்டிவில் முடி வெள்ளை, முகம் கறுப்பு, பற்கள் இருட்டுக் குழி. சிரிக்கிறாளா, வெயிலில் முகம் சுளிக்கிறாளா என்பதைச் சொல்ல முடியாது. அன்று மாலை வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் அவர் கேட்டார்:

"அவனைப் பாத்து அவ சிரிச்ச மாதிரி என்னைப் பாத்து ஒரு தடவையாவது சிரிச்சிருப்பாளா, மாட்டாளா? நீங்களே சொல்லுங்க."

"நாற்பத்தேழு வருஷம் கூட இருந்தவர் நீங்க. என்னைக் கேக்குறீங்களே."

"சிரிச்சிருக்கா. எனக்குத் தெரியும். ஆனா படத்துல இருக்கணும். கல்லுல அவன் பாத்த முகம் ஏறக்கூடாது. போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாப்பான். அவ சிரிக்கிறது கசிபெக்கைப் பாத்துன்னு அந்தக் கல்லு சொல்லிட்டே இருக்கும்."

தொக்மோக்கில் பிலிமைக் கணினிக்கு மாற்றித் தரும் கடை ஒன்றே ஒன்றுதான். அது கசிபெக்கின் மருமகனுடையது. அங்கே கொடுத்தால் அன்று மாலையே கசிபெக்குக்கு எல்லாம் தெரிந்துவிடும். பிஷ்கெக்கில் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அறுபத்தொரு சுருளில் எது வேண்டும் என்று தெரியாதவருக்கு அது கட்டாது. ஆகவே சொந்தமாக ஒரு ஸ்கேனர் வாங்குவது என்று முடிவு செய்தார். அவர் வாழ்க்கையில் அதுவரை ஸ்கேனரைத் தொட்டதில்லை.

ஓய்வூதியக்காரருக்கு எட்டும் விலையில் என்ன கிடைக்கும் என்று மூன்று வாரம் விசாரித்தார். பிறகு ஒரு சுருளிலிருந்து ஆறு படங்கள் கொண்ட ஒரு துண்டை வெட்டி, உறையில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிஷ்கெக்குக்கு மினிபஸ் ஏறினார். துணைக்கு என்னையும் அழைத்தார். பெட்டியில் அச்சிட்ட எண்களை நம்பக் கூடாது, தம் பிலிமை வைத்துப் பார்த்தபின் பேச வேண்டும் என்பது அவர் திட்டம். மதகில் தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் எதையும் எழுதியவர் அல்லர்.

முதல் கடையில் ஒரு இளம்பெண் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டியைக் காட்டினாள். பிலிமைப் பக்கவாட்டில் நுழைத்தால் முன்னால் உள்ள சிறு திரையில் படம் தெரியும். கணினியே தேவையில்லை. ஆறாயிரத்து ஐந்நூறு சொம்.

"பட்டனை அமுக்கினா ரெண்டே செகண்டு, பெரியவரே. முடிஞ்சுது."

"ரெண்டு செகண்டுல அது என்னத்தம்மா பாக்கும்?"

"உள்ள ஒரு கேமரா இருக்கு. அது உங்க பிலிமை ஒரு போட்டோ எடுத்துக்கும்."

"எடுத்த படத்தைத் திரும்பப் படம் எடுக்குது. சரி, வச்சுப் பாப்போம்."

தெரிந்தது ஒரு பனிமூட்டம். வயலில் கிடந்த பனியும் வெயில் பட்ட கன்னமும் ஒரே வெள்ளையாகப் போயிருந்தன. பொறிப்பவர் தொலைபேசியில் சொன்னதை ஜொல்தோஷ் அவளுக்குச் சொன்னார்: முகம் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினாலும் கண் இமைகளை எண்ண முடிய வேண்டும்.

"ஞாபகத்துக்கு வச்சுக்க இது போதும். கல்லுல வெட்டணும்னா வேற பாருங்க," என்று அவள் நேர்மையாகச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது கடைக்காரர் காகிதம் ஸ்கேன் செய்யும் தட்டையான இயந்திரம் ஒன்றைக் காட்டி, பிலிமும் வரும் என்று அடித்துப் பேசினார். பிலிம் துண்டை வைத்து மூடியை இறக்கினார்கள். கரிய பட்டை ஒன்றுதான் வந்தது.

"பிலிமுக்குப் பின்னாலேர்ந்து வெளிச்சம் வரணும்," என்றார் ஜொல்தோஷ். "உங்க மூடியில வெளக்கே இல்லையே. சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு ஜன்னலைப் பாக்கச் சொல்றீங்க."

"நீங்க என்ன வாத்தியாரா?"

"தண்ணி அளந்தவன்."

மூன்றாவது, பிலிமுக்கென்றே செய்த பழைய இயந்திரம். படம் அற்புதமாக வந்தது, இமைகளை எண்ணினோம். ஆனால் அது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கணினியோடு மட்டுமே பேசும். விலையோ ஒரு பசு மாட்டுக்குச் சமம். ஜொல்தோஷ் அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். 

கடைசியில் பொருள் கிடைத்தது எங்கள் ஊரிலேயே. இணைய விளம்பரத்தில் ஜீப்பார் கண்டுபிடித்தாள். ரயீசா கர்லோவ்னா என்ற பல் மருத்துவர், ஜெர்மனியில் இருக்கும் மகனிடம் நிரந்தரமாகப் போகிறார், சாமான்களை விற்கிறார். மூடியில் விளக்கு உள்ள தட்டை ஸ்கேனர், பிலிமைப் பிடிக்கும் சட்டத்தோடு. பதினோராயிரம் சொம். புதிதானால் அதைப்போல மூன்று மடங்கு.

"இதை எதுக்கு வச்சிருந்தீங்க, டாக்டர்?"

"பல் எக்ஸ்ரேக்கு, ஜொல்தோஷ் அபிலொவிச். பன்னெண்டு வருஷமா சொத்தைப் பல்லை மட்டும்தான் பார்த்திருக்கு. நல்ல முகம் ஒண்ணைக் காட்டுங்க, பாவம்."

ஜொல்தோஷ் மூடியைத் திறந்து விளக்கு எங்கும் ஒரே அளவாக எரிகிறதா என்று பார்த்தார். கண்ணாடியில் கீறல் உண்டா என்று சாய்வாக நோக்கினார். பிலிம் சட்டத்தின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மூடித் திறந்தார். தம் துண்டை வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். நான்கு நிமிடம் ஆயிற்று. இமைகள் தெரிந்தன. ஒரு சொம்கூடக் குறைக்கக் கேட்காமல் வாங்கினார். சட்டத்தின் மேல் ஒட்டியிருந்த, எந்தப் பக்கம் மேலே என்று காட்டும் சீட்டு எப்போதோ கிழிந்துபோயிருந்தது. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பிலிமை எப்படி வைப்பது என்று தமக்குத் தெரியும் என்று நினைத்தார்.

மே மாதம் தொடங்கி ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு ஸ்கேனர் முன் உட்கார்ந்தார். பிலிமின் தூசியைத் தூரிகையால் துடைப்பார், சட்டத்தில் வைப்பார், நான்கு நிமிடம் காத்திருப்பார். புருல்சா இல்லாத படங்களை ஏறிட்டும் பார்க்கமாட்டார். மதகு, திருமணக் கூட்டம், ரொட்டிக் கடை, மே தின ஊர்வலம் எல்லாம் கடந்து போயின. புருல்சா இருந்த படங்களில் அவர் அடுப்பைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்து "சீக்கிரம் எடுங்க, பால் பொங்குது" என்ற பாவனையில் நின்றார். சிரித்த படம் வரவில்லை.

கசிபெக்குக்குச் செய்தி எட்டாமல் இருக்குமா? ஜூன் மாதத்தில் ஒரு நாள் வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னடா, ஒரு மாசமா வீட்டுக்குள்ள கோழி அடைகாக்குற மாதிரி உக்காந்திருக்க? குஞ்சு பொரிஞ்சுதா?"

"பொரியும்."

"என் மருமகன்கிட்ட குடுத்திருந்தா ஒரு வாரத்துல முடிச்சிருப்பான்."

"உன் மருமகன் கண்ணுல என் பொண்டாட்டி படணுமா?"

"மாமனார் கண்ணுலயே பட்டாச்சு. மருமகன் கண்ணுல படறதுல என்ன?" என்று கசிபெக் சிரித்தார். பிறகு, "தேடு, தேடு. என்னைப் பாத்துச் சிரிச்ச மாதிரி ஒண்ணு கெடைச்சா எனக்குச் சொல்லு, வந்து பாக்குறேன்," என்றார்.

அவர் போனபின் ஜொல்தோஷ் வெகுநேரம் கையைக் கழுவினார்.

ஜூலை 19-ஆம் தேதி, இருபத்திரண்டாம் சுருளில் அது கிடைத்தது. 1978-இன் கோடை, ஏரிக்கரை. காற்றில் பறக்கும் தலைத்துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு புருல்சா நேராகக் கேமராவைப் பார்த்து, வாய்விட்டுச் சிரிக்கிறார். வலக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு சிறு மச்சம். அந்த மச்சத்தை 1986-இல் மருத்துவர் எடுத்துவிட்டார். ஜீப்பாருக்கு அப்போது ஏழு வயது.

ஜொல்தோஷ் வேலியருகே வந்து என்னை உரக்கக் கூப்பிட்டார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"படம் எடுக்கப் பின்னாடி நகர்ந்தேன். ஷூவோட ஏரிக்குள்ள இறங்கிட்டேன். அதைப் பாத்துத்தான் சிரிக்கிறா. எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. என்னைப் பாத்துங்க. வேற யாரும் அங்க இல்ல."

ஜீப்பார் படத்தைப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குப்பா. ஆனா கொஞ்சம் சித்தி மாதிரி இருக்காங்க."

"வயசு அப்ப இருபத்தாறு. எல்லாப் பொம்பளைகளும் அந்த வயசுல தங்கச்சி மாதிரித்தான் இருப்பாங்க."

படம் பிஷ்கெக்குக்குப் போயிற்று. கல் பொறிப்பவர் ஒரு தாளில் அளவுபடி அச்செடுத்து அனுப்பினார். நாளை காலை கல்லை இயந்திரத்தில் ஏற்றப்போவதாகவும் சொன்னார். ஜொல்தோஷ் அன்று மாலையே கசிபெக்கைத் தேநீருக்கு அழைத்தார். நாற்பத்தேழு ஆண்டில் அவர் தாமாக அழைத்தது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். மேசையில் எண்ணெயில் பொரித்த போர்சோக், வெண்ணெய், ஆப்ரிகாட் ஜாம். நடுவில் அந்தத் தாள். சுவரில், ஜொல்தோஷின் முதுகுக்குப் பின்னால், பீட்ரூட் வயல்.

கசிபெக் தாளை இரு கைகளாலும் எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றினார். அவர் முன்னிருந்த தேநீரில் ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, வாயில பேச்சு வரலையா?" என்றார் ஜொல்தோஷ்.

"நல்லா இருக்கு."

"அவ்வளவுதானா? யாரைப் பாத்துச் சிரிக்கிறா? அதைச் சொல்லு."

"உன்னைப் பாத்துத்தான்."

ஜொல்தோஷ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு போர்சோக்கை எடுத்து ஜாமில் தோய்த்தார். அதை அவர் வாயில் வைக்குமுன் கசிபெக் மீண்டும் பேசினார்.

"ஆனா இது புருல்சா இல்லடா."

"வயித்தெரிச்சல் புடிச்சவன் அப்படித்தான் பேசுவான்."

"மச்சம் பக்கம் மாறியிருக்கு. அவளுக்கு இடது கன்னத்துல."

"வலது."

"நான் வெளையாடலை, ஜொல்தோஷ். உன் முதுகுக்குப் பின்னாடி திரும்பிப் பாரு."

ஜொல்தோஷ் திரும்பவில்லை. ஜீப்பார்தான் எழுந்து, சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். எட்டு மாதமாக அவர்கள் வீட்டில் தொங்கிய படம். இடக் கண்ணுக்குக் கீழே மச்சம் தெளிவாக இருந்தது.

"இந்தப் படந்தான் தப்பா இருக்கும்," என்றார் ஜொல்தோஷ்.

"அப்ப அந்த லாரி நம்பரும் திரும்பித் தெரியணும். பாரு, நேரா இருக்கா இல்லையா?"

நேராக இருந்தது. ஜொல்தோஷ் எழுந்து உள்ளே போனார். நாங்கள் பின்தொடர்ந்தோம். கணினியில், இதுவரை ஏறிட்டுப் பார்க்காமல் தள்ளிய படங்களைத் திறந்தார். ரொட்டிக் கடையின் பலகையில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றன. மே தினப் பதாகையும் அப்படியே. இருபத்திரண்டு சுருள்களையும் அவர் திருப்பி வைத்து ஸ்கேன் செய்திருந்தார்.

காரணத்தை அவரே விளக்கினார். குளியலறையில் அச்சிட்ட காலத்தில் பிலிமின் மங்கலான பக்கத்தைக் கீழே, தாளை நோக்கி வைக்க வேண்டும். அப்போது வெளிச்சம் மேலிருந்து கீழே விழும். இந்த இயந்திரத்திலோ பார்க்கும் கண் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மங்கலான பக்கம் மேலே இருக்க வேண்டும். அவர் கை பழைய வழக்கப்படி வைத்தது. பிலிம் அச்சிடத் தெரியாதவர் ஒருவேளை சீட்டு எங்கே என்று கேட்டிருப்பார்.

ஜீப்பார் முற்றத்துக்கு ஓடிப்போய்ப் பிஷ்கெக்குக்குத் தொலைபேசி செய்தாள். கல்லை இன்னும் ஏற்றவில்லை. காலை எட்டு மணிவரை நிறுத்திவைப்பதாகப் பொறிப்பவர் ஒப்புக்கொண்டார்.

ஜொல்தோஷ் இருபத்திரண்டாம் சுருளை எடுத்துத் திருப்பிச் சட்டத்தில் வைத்தார். கொக்கி மாட்டவில்லை. கசிபெக் குனிந்து மாட்டிவிட்டார். நான்கு நிமிடம். இயந்திரம் முனகியது.

"அம்பது வருஷம் கழிச்சு," என்றார் ஜொல்தோஷ் திரும்பாமலே, "மச்சம் எந்தக் கன்னத்துலன்னு உனக்கு எப்படிடா தெரியும்? நாப்பத்தேழு வருஷம் கூடப் படுத்து எழுந்தவன் எனக்கே மறந்துபோச்சு."

"அந்தப் படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருந்தேன். சர்க்கரை ஆலையில வேலை பாத்த வரைக்கும்."

"முப்பது வருஷமா?"

"முப்பத்தொண்ணு. நான் உன்னைக் கேலி பண்ணதெல்லாம் என்னன்னு நெனச்ச? ஒவ்வொரு தடவை உன் வீட்டுல சாப்பிட்டுப் போறப்பவும் எனக்கு அந்த மாவு நெஞ்சுல நின்னுச்சுடா. நீ தெனமும் சாப்பிட்ட."

 திரையில் படம் மேலிருந்து கீழாக விரிந்தது. தலைத்துணி, நெற்றி, கண். மச்சம் தன் இடத்துக்கு வந்தவுடன் ஜீப்பார் "அம்மா" என்றாள். யாருடைய சாயலும் அந்த முகத்தில் இல்லை.

"இதுதான்," என்றார் கசிபெக். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ஆறிய தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார். தவற்றைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்; கல்லில் ஏறியபின் ஆயுள் முழுவதும் கேலி செய்திருக்கலாம். வேலிக் கதவு சாத்தும் ஓசை கேட்டபின் இதை நான் ஜொல்தோஷிடம் சொன்னேன். நன்றி கூறுவார் என்று எதிர்பார்த்தேன்.

"முப்பத்தொரு வருஷம்," என்றார் அவர். "தெனம் எட்டு மணி நேரம். நான் அவளை அவ்வளவு நேரம் பாத்திருப்பேனா?"

கல் நடப்பட்டது. ஆண்டு முடியச் சில வாரங்களுக்கு முன்பாகவே, 2021 செப்டம்பர் 18-ஆம் தேதி ஆண்டு நிறைவு விருந்து நடந்தது. ஒரு குதிரை அறுக்கப்பட்டது. வந்தவர்கள் கல்லின் முன் நின்று, இவ்வளவு உயிரோடு ஒரு முகத்தைக் கறுப்புக் கல்லில் பார்த்ததில்லை என்றார்கள். படம் எடுத்தவர் யார் என்று கேட்டவர்களுக்கு ஜொல்தோஷ் ஷூவோடு ஏரியில் இறங்கிய கதையைச் சொன்னார். பந்தியில் கசிபெக் பெரியவர்கள் நடுவிலிருந்து குரல் கொடுத்தார்:

"எடுத்தது அவன்தான். ஆனா நான் இல்லேன்னா இன்னிக்கு நீங்க எல்லாரும் அவன் மச்சினிக்குக் கும்பிடு போட்டிருப்பீங்க."

பந்தி முழுவதும் சிரித்தது. முறைப்படி ஜொல்தோஷும் சிரித்தார். பின்னர் கறித்தட்டைக் கையிலெடுத்துக்கொண்டு போய் கசிபெக்கின் அருகில் உட்கார்ந்தார். நான் எதிரில் இருந்தேன்.

"அந்தப் பீட்ரூட் வயல் பிலிம் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு."

"ஒரு சுருள்ல முப்பத்தாறு படம். அதுல அவ எத்தனைல இருக்கா?"

"ஏன்?"

"குடு. ஸ்கேன் பண்ணித் தர்றேன். காசு வேண்டாம்."

"மங்கல் பக்கம் மேலயா கீழயா?"

"மேல. குடுடா."

"எல்லாம் உன்கிட்ட இருக்கு. கல்லு இருக்கு, மக இருக்கா, வீடு இருக்கு. அந்த ஒரு சுருள் என்கிட்ட இருக்கட்டும்."

"எத்தனைல இருக்கா? அதையாவது சொல்லு."

"சொல்ல மாட்டேன்," என்று கசிபெக் எலும்பிலிருந்து கறியைச் சீவத் தொடங்கினார்.

அந்தக் குளிர்காலத்திலும் அடுத்த ஆண்டு முழுவதும் ஜொல்தோஷ் தம் அறுபத்தொரு சுருள்களையும் முதலிலிருந்து, சரியான பக்கம் வைத்து, ஸ்கேன் செய்து முடித்தார். இம்முறை எந்தப் படத்தையும் பார்க்காமல் தள்ளவில்லை. புருல்சா நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் இருந்தார். ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுதும் திரையில் வைத்திருந்தார். தேநீர் குடிப்பதும் ரொட்டி தின்பதும் அதன் முன்னால்தான். கணக்கு என்னவென்று நான் கேட்டதில்லை. முப்பத்தொரு ஆண்டை எட்டிப் பிடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். சிரித்த படம் ஏரிக்கரையில் எடுத்த அந்த ஒன்றுதான்.

பிலிமை அவர் கசிபெக்கிடம் மேலும் இரு முறை கேட்டார். 2022 மே மாதத்தில் நேரில் போய்க் கேட்டார். கசிபெக் சுருளின் டப்பாவைக் காட்டிவிட்டு மீண்டும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். 2023 மார்ச் 11, சனிக்கிழமை, காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் பேசி, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அதைத் தரும்படி கடைசியாகக் கேட்டார். கசிபெக் அப்போதும் தரவில்லை; அந்த ஆண்டே ஜொல்தோஷ் மறைந்தார்.